வேலிக்குள் வெந்நீர்: 9. விறகுப் படிக்கட்டு

ஒரு மூடி. பூட்டு வைத்த ஒரே ஒரு மூடியைத் தொட்டிமேல் கவிழ்த்திருந்தால் இந்தக் கதை மூன்றாம் வாரமே முடிந்து, நீங்களும் உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

வில்யோ கொஸ்கெலா போடவில்லை. ஊர் நிர்வாகம் பார்க்கிற டவுன்ஷிப் ஆபீஸில் அவருக்கு இரண்டு வழி சொன்னார்கள். கொல்லையில் கட்டிய வெந்நீர்த் தொட்டிக்குப் பூட்டுகிற மூடி போடலாம். இல்லையென்றால் சுற்றிலும் வேலி கட்டி, அந்த வேலிக்குப் பெர்மிட் வாங்கலாம். முதல் வழிக்கு ஒரு மத்தியானம் போதும். இரண்டாவதற்கு ஒரு மனுஷனின் ஆயுளில் பாதி போய்விடும்.

ஆனால் பக்கத்து வீட்டு தௌனோ ஒரு காரியம் செய்திருந்தான். வில்யோ தேவதாருப் பலகைகளைத் தன் கையால் இழைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, அடியில் விறகடுப்பு வைத்துக் கட்டிய அந்தத் தொட்டியை முதன்முதலாகப் பார்த்ததும், "என்னடா இது, சூப் சட்டியா?" என்று கேட்டுவிட்டான். இனி அதற்கு மூடி போட்டால் என்ன ஆகும்? தௌனோ சொன்னது உண்மை என்று ஊரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் வேலிதான்.

வேலியைக் கட்டியவர் மட்டும் சாதாரண ஆளா? நிக்கல் சுரங்கத்தில் வில்யோ இருமினால் பாறை தானாக வழிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் வில்யோதான். யானைக் கொட்டடிக்குப் போடுவதுபோல் கனத்த மரத் தூண்கள் நட்டு, விரல் நுழைய இடமில்லாமல் பலகை அடித்தார். ஒரு கரடி வந்து வேலியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனதாம். அது கரடியில்லை, தௌனோவின் நாய் என்று அவர் மனைவி தைமி சொல்கிறாள். நாம் யார் பக்கமும் சேர வேண்டாம்.

பெர்மிட்டுக்கான பிளானை முதலில் மான் படம் போட்ட பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்ததும், அது திரும்பி வந்ததும், அதற்கு அவர் மானைக் குறை சொன்னதும் போன வாரங்களில் பார்த்தோம். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது ஒன்றுதான். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து வேலியைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம்.

இன்று யுஹன்னுஸ். வருஷத்திலேயே நீண்ட பகலைக் கொண்டாடுகிற நாள். தைமி நடக்கப் பழகிய வயதிலிருந்து ஒரு யுஹன்னுஸ் மாலையைக்கூடத் தண்ணீருக்கு வெளியே கழித்ததில்லை. ஏரிக்கரை வழுக்குப் பாறையில் இறங்கி, கழுத்துவரை நீரில் நின்று, மறைய மனசில்லாத சூரியனோடு யார் முதலில் போவது என்று போட்டி போடுவாள். பனிக்காலத்தில் அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. பாறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வில்யோ சொன்னார்:

"யுஹன்னுஸ் அன்னிக்கு நீ கழுத்துவரைக்கும் தண்ணியில இருப்ப. இது என் பொறுப்பு."

அந்தப் பொறுப்புதான் தொட்டியாகி, வேலியாகி, பெர்மிட்டாகி, இந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்து நிற்கிறது. இன்ஸ்பெக்டருக்கு நாளையிலிருந்து லீவு. இன்று முடியாவிட்டால் அந்த அம்மாள் லீவு முடிந்து திரும்பி வரும்போது கோடையில் பாதி போயிருக்கும்.

*

மகள் கைஸா முந்தின நாள் டொராண்டோவிலிருந்து வந்திருந்தாள். காலையில் எழுந்ததும் காபியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்னையர் தினத்துக்கு வந்தபோதும் இப்படித்தான் செய்தாள். வயிற்றுப் புண்ணாம். அந்த வீட்டில் காபி வேண்டாம் என்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச் வேண்டாம் என்பதைவிடப் பெரிய விஷயம். வில்யோ அப்போதே இரண்டு நாள் அதையே யோசித்துவிட்டு, டொராண்டோ தண்ணீர் சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

ஆபீஸ் கொடுத்த விதிகளைப் படித்துக்கொண்டே வேலியைச் சுற்றி வந்தவள், தெற்கு மூலையில் நின்றாள்.

"அப்பா, இது என்ன?"

"விறகு."

"வேலி ஓரமா எதுக்கு இருக்கு?"

மூக்கு எதற்கு முகத்தில் இருக்கிறது என்று கேட்டதுபோல் வில்யோ அவளைப் பார்த்தார். தெற்கு வெயில் விழுகிற பலகை வேலி. காற்றும் வருகிறது. வேலி என்று ஒன்றைக் கட்டிவிட்டு அதில் விறகு சாய்த்து அடுக்காதவன் மனுஷனா? அந்த அடுக்கு மூன்று நாள் உழைப்பு. பிர்ச் விறகு, பட்டை மேலே பார்க்க, நூல் பிடித்ததுபோல் நிற்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டம்தான் வெட்கப்படும். தொட்டிக்கும் பக்கம், அடுப்புக்கும் பக்கம்.

கைஸா நிதானமாக எடுத்துச் சொன்னாள். கால் வைத்து ஏறக்கூடிய எந்தப் பொருளும் வேலியை ஒட்டி இருக்கக்கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. சின்னப் பிள்ளைகள் ஏறித் தண்ணீரில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் வேலியே. ஏறுவதற்குப் படி கட்டிக் கொடுத்தால் வேலி எதற்கு?

பிறகு அவள் எக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். முகம் மாறியது.

"அப்பா. அந்தப் பக்கமும் இருக்கு."

அந்தப் பக்கம் தௌனோவின் நிலம், தௌனோவின் விறகு. அதுவும் ஒரே உயரமாக இல்லை. கீழே அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும், ஒழுங்காகப் படிப்படியாக இருந்தது. கோயிலில் கட்டியிருந்தால் கும்பிட்டுவிட்டு ஏறலாம்.

தன் விறகை வில்யோ ஒரு மூச்சில் நகர்த்திவிடுவார். தௌனோவின் விறகைத் தொட முடியுமா? அடுத்தவன் விறகைக் கேட்காமல் தொடுவதைவிட அவன் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். கேட்கவேண்டும். கேட்பதற்குப் பேசவேண்டும். பேசி ஆறு வாரம் ஆகிறது.

மே மாதத்தில் யாரோ டவுன்ஷிப்புக்குப் போன் பண்ணி, கொஸ்கெலா வீட்டுக் கொல்லையில் பெர்மிட் இல்லாத தொட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சூப் சட்டி என்று சொன்ன வாய்தான் போனிலும் பேசியிருக்கும் என்று வில்யோ அன்றைக்கே தீர்ப்பெழுதிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

நான் போய்க் கேட்கிறேனே என்றாள் கைஸா. கூடவே கூடாது என்றார் வில்யோ. வேண்டுமானால் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விடலாம் என்று ஆரம்பித்தபோது அடுக்களை ஜன்னல் திறந்தது. ஏலக்காய் பன் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே தைமியின் குரல்.

"சவுனாவை மூட்டு, கிழவா."

*

ஆறு வாரம் பேசவில்லை என்றால் நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆறு சனிக்கிழமையும் தௌனோ வழக்கம்போல் வேலிக்குள் இருக்கிற வில்யோவின் சவுனாவுக்கு, அதாவது நீராவியில் வியர்த்துக் குளிக்கிற அந்த மர அறைக்கு, வந்தான். இரண்டு பேரும் மேல் பலகையில் துணியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தார்கள். மீனைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் பேசினார்கள். வெளியே வந்து துண்டைக் கட்டியதும் மறுபடி பேச்சில்லை. சவுனாவுக்குள் சண்டையை எடுத்துக்கொண்டு போகக்கூடாது. உள்ளே பேசியது பேச்சுக் கணக்கில் வராது. இது அங்கே யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காத சட்டம். டவுன்ஷிப் சட்டத்தை மீறினாலும் மீறலாம், இதை மீற முடியாது.

காலை எட்டு மணிக்கு சவுனாப் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியது. காலையில் சவுனா மூட்டினால் அந்தத் தெருவில் ஒன்று சாவு, இல்லையென்றால் பிரசவம். வில்யோ மேல் பலகையில் உட்கார்ந்து சின்ன ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக் காத்திருந்தார்.

கேட் திறக்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிற சத்தம்தான். பைன் மரத்திலிருந்து காய் விழுகிறது என்று வில்யோ நினைத்திருந்தார். இன்று ஜன்னலின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். வேலிக்கு மேலே முதலில் ஒரு வழுக்கைத் தலை உதித்தது. அடுத்து ஒரு துண்டு. அதற்குக் கீழே இரண்டு வெள்ளைக் கால்கள், வில்யோ நூல் பிடித்து அடுக்கிய விறகின்மேல் ஒரு ராஜாவைப்போல் இறங்கி வந்தன.

அந்தப் பக்கம் தௌனோ வைத்திருந்தது சும்மா அடுக்கிய விறகில்லை. படிக்கட்டேதான்.

தௌனோ உள்ளே வந்து உட்கார்ந்தான். அடுப்பில் சுட்டுக் கிடந்த கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்து இரண்டு பேர் காதையும் கடித்தது.

"எட்டு மணிக்கு சவுனா. யார் போயிட்டா?" என்றான்.

"யாரும் போகல."

இன்னொரு கரண்டி. வில்யோ அறுபது வருஷமாக எவரிடமும் உதவி என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. சுரங்கத்தில் ஒருதரம் கால் மாட்டிக்கொண்டபோதுகூட, அந்த வழியாகப் போனவனிடம் மணி என்ன என்றுதான் கேட்டாராம். இப்போதும் கேட்கவில்லை.

"விறகை நகர்த்தணும்," என்றார்.

"எதை?"

"உன்னோடதை. ரெண்டு மணிக்குள்ள. இல்லேன்னா தைமி இன்னிக்குத் தண்ணியில இறங்க முடியாது."

தௌனோ இந்தமுறை ஊற்றிய தண்ணீரில் ஒரு கடமானை முழுசாக வேகவைத்திருக்கலாம்.

"கேட்டை ரோட்டுப் பக்கம் வெச்ச," என்றான்.

"ஆமா."

"முப்பது வருஷம் என் அடுக்களைக் கதவைத் திறந்து நேரா உன் சவுனாவுக்கு வந்தேன். இப்ப ரோட்டைச் சுத்தி வரணும். இடுப்புல துண்டோட. மொத வாரமே பாதிரியார் காரை நிறுத்தி, எங்கயாவது எறக்கி விடணுமான்னு கேட்டாரு."

வில்யோவுக்குச் சிரிப்பு வந்தது. தௌனோ சிரிக்கவில்லை.

"நீ வேலி போட்டதுல எனக்கு ஒண்ணுமில்ல வில்யோ. கேட் எந்தப் பக்கம்னு முடிவு பண்றப்ப என்னை நெனைக்கல பாரு. அதான்."

வில்யோ தரையைப் பார்த்தார். அப்போது அவர் தௌனோவை நினைக்காமல் இல்லை. ரொம்ப நினைத்துத்தான் அந்தப் பக்கம் வைக்காமல் விட்டார். சவுனாவுக்குள் பொய் சொல்லவும் முடியாது என்பதால் நேராகக் கேட்டுவிட்டார்.

"டவுன்ஷிப்புக்கு நீதானே போன் பண்ண?"

தௌனோ திரும்பி, வேற்றுக்கிரகத்து ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நான் போன் பண்றவனா? என் சொந்தத் தம்பி பொறந்த நாளுக்கே பண்ணமாட்டேனே."

அது உண்மை. தௌனோவின் வீட்டுப் போனில் தூசிதான் பேசும். மணி அடித்தால் நாயோடு வெளியே போய்விடுகிற ஆள். இந்தச் சின்ன விஷயம் ஆறு வாரமாகத் தன் மண்டைக்கு ஏன் எட்டவில்லை என்று வில்யோவுக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் போன் பண்ணியது யார்? அந்தக் கேள்வி ஆவியோடு ஆவியாகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அதை விசாரிக்க நேரமில்லை.

"உன் பக்கம் ஒரு கேட் வெச்சிடுவோம்," என்றார்.

"எப்ப?"

"இப்ப."

தௌனோ கடைசிக் கரண்டியை ஊற்றினான். "நாய்க் கூண்டுக்கு வாங்கின ஸ்பிரிங் கீல் ரெண்டு சும்மாதான் கெடக்கு."

*

யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் இரண்டு கிழவர்கள் ஈரத் தலையோடு விறகு சுமப்பதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் எவன் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். தபால்காரரும் வண்டியை நிறுத்தினார். அந்த ஊரில் இப்படிச் சேர்ந்து வேலை செய்வதற்குக் கூலி கிடையாது. காபியும் பன்னும் உண்டு. தைமி கைத்தடியை அடுப்பில் சாய்த்து வைத்துவிட்டு ஏரியே கறுத்துப்போகும் அளவுக்குக் காபி போட்டாள்.

பத்து மணிக்குள் இரண்டு அடுக்கும் வேலியைவிட்டு நாலு எட்டுத் தள்ளிப் போய்விட்டன. திரும்ப அடுக்கும்போதுதான் தகராறு வந்தது. பட்டை மேலே இருக்கவேண்டும் என்றார் வில்யோ. கீழே இருக்கவேண்டும் என்றான் தௌனோ. மழைத் தண்ணீர் வடியும் என்றார் இவர். ஈரம் தங்கும் என்றான் அவன். உன் அப்பா அடுக்கின விறகு ஒருநாளாவது பற்றி எரிந்ததா என்பதுவரை போயிற்று. ஆறு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் வெட்டவெளியில், துணியோடு, முழுத் தொண்டையில் பேசுவதை அடுக்களையில் கேட்ட தைமி, அப்பாடா என்று உட்கார்ந்து தனக்கும் ஒரு காபி ஊற்றிக்கொண்டாள்.

வேலியில் ரம்பம் வைத்தபோது வில்யோ கண்ணை மூடிக்கொண்டார். தௌனோதான் அறுத்தான். அறுத்தெடுத்த பலகைகளையே சட்டம் சேர்த்துக் கேட்டாக்கினார்கள்.

கைஸா பென்சிலும் டேப்புமாக நின்று அளவு சொன்னாள். விறகு ஒன்றுகூடத் தூக்கவில்லை. போன கோடையில் தோணியைத் தலைமேல் கவிழ்த்துத் தனியாகத் தூக்கிப்போனவள். என்ன ஆயிற்று உனக்கு என்று வில்யோ கேட்டதற்கு, முதுகு பிடித்திருக்கிறது என்றாள். டொராண்டோ மெத்தையும் சரியில்லை என்று வில்யோ மனசில் குறித்துக்கொண்டார்.

தாழ்ப்பாள் அடிக்கும்போது தைமியே தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். வில்யோ ஆணி முனையை வைத்துக் காட்டினார்.

"இன்னும் மேல," என்றாள்.

"சட்டத்துக்கு இது போதும் தைமி."

"எனக்குப் போதாது. மேல."

வில்யோ முனகிக்கொண்டே மேலே வைத்தார். இதற்குமேல் வைத்தால் தாழ்ப்பாளைத் திறக்க நாற்காலி போடவேண்டும் என்றார். கைஸா குனிந்து பென்சிலைத் தேட ஆரம்பித்தாள். பென்சில் அவள் காதில்தான் இருந்தது.

*

இன்ஸ்பெக்டர் மிரேய் லவோய் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். இரும்பு முனை வைத்த பூட்ஸ், இடுப்பில் டேப். காபி வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று வில்யோ பயந்தார். அவள் வாங்கிக் குடித்துவிட்டு இரண்டாவது பன்னையும் எடுத்தாள். வில்யோவுக்கு நம்பிக்கை வந்தது.

வேலியைச் சுற்றி வந்தாள். பலகை இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள், போகவில்லை. திடீரென்று நாலடி பின்னால் போய் ஓடிவந்து, வேலியில் ஒரு பூட்ஸை வைத்து எம்பினாள். வழுக்கிக் கீழே வந்தாள். வேறொரு இடத்தில் எம்பினாள். அங்கேயும் வழுக்கியது. கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு டிக் போட்டாள். கரடி சொன்னதையே இந்தப் பெண்ணும் சொல்கிறது என்று வில்யோ தைமியின் காதில் சொன்னார்.

தெற்குப் பக்கம் வந்ததும் அவள் பேனா நின்றது.

"மிஸ்டர் கொஸ்கெலா, பிளான்ல ஒரு கேட்தானே இருக்கு? இது எங்கேர்ந்து வந்தது?"

வில்யோ முகத்தில் காலை சவுனாவில் வராத வியர்வை வந்தது. தௌனோ அவர் முழங்கையைக் கிள்ளினான். எதையாவது சொல்லிச் சமாளி, வாயைத் திறந்து உண்மையைக் கொட்டிவிடாதே என்று அதற்குப் பொருள். வில்யோ தைமியைப் பார்த்தார். தோளில் நீலத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தத் துண்டு காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது.

"இவன் என் சிநேகிதன்மா," என்றார். "வாரா வாரம் விறகுல ஏறி வேலியைத் தாண்டி உள்ள வந்துட்டு இருந்திருக்கான். எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். கேட் இருந்தா நடந்து வருவான். அதான் வெச்சோம்."

தௌனோ வானத்தைப் பார்த்தான். எல்லாம் போயிற்று என்று தபால்காரர் தொப்பியைக் கழற்றினார்.

மிரேய் தௌனோவை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு வயசு என்ன?"

"எழுவத்தி நாலு."

"நான் வேலி பாக்கற வேலைக்கு வந்து அஞ்சு வருஷமாச்சு. எல்லார் வேலியிலயும் யாரோ ஏறிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதை ஒத்துக்கிட்ட மொத வீடு இதுதான்." பிளானை விறகின்மேல் விரித்தாள். தன் கையாலேயே புதுக் கேட்டை வரைந்தாள். "தானா மூடணும், தானா தாழ் விழணும். விழுந்தா கையெழுத்துப் போடறேன். கேட்டைத் திறந்து கையை எடுங்க."

வில்யோ கேட்டை அகலத் திறந்து விட்டார்.

அது அழகாக வந்தது. பாதி வந்தது, முக்கால் வந்தது. ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

வேறொன்றுமில்லை. யுஹன்னுஸ் அன்று வாசலுக்கு இரண்டு பக்கமும் இளம் பிர்ச் மரம் வெட்டி வைத்துக் கட்டுவார்கள். ஆறு வாரக் கோபம் தீர்ந்த சந்தோஷத்தில், சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் தௌனோ போய்ப் புதுக் கேட்டுக்கும் இரண்டு மரம் கட்டிவிட்டிருந்தான். காட்டிலேயே அடர்த்தியான இரண்டு. அதில் ஒரு கிளை கேட்டுக்குள் தலையை நீட்டி, நானும் வருகிறேன் என்று நின்றது.

மிரேய் கிளையைப் பார்த்தாள். தௌனோவைப் பார்த்தாள். பேனாவை மூடவில்லை.

"உங்க ஊர் அலங்காரத்துக்கு என் சட்டத்துல இடமில்ல," என்றாள். "ஆனா கத்தி வெச்சிருந்தா எனக்கு ஆட்சேபம் இல்ல."

அந்தத் தெருவில் கத்தியில்லாத இடுப்பு ஏது? ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கத்தி வெளியே வந்ததைப் பார்த்து அவளே ஒரு அடி பின்வாங்கினாள். வில்யோ கிளையைச் சீவினார். மறுபடி கேட்டைத் திறந்து விட்டார்.

டக்.

அந்தச் சத்தம் அக்கரைவரை கேட்டது என்று வில்யோ சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் தைமியும் மறுக்கவில்லை.

*

புதுத் தொட்டி முதலில் எல்லாப் பொருத்திலும் அழுதது. மரம் குடித்து ஊதி, அழுகையை நிறுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. நகர்த்திய விறகில் நல்லதாகப் பார்த்து அடுப்பில் வைத்தார்கள். சூரியன் ஏரிமேல் தாழ்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் பதமாயிற்று.

தைமி ஒரு கையை வில்யோவிடமும் ஒரு கையைக் கைஸாவிடமும் கொடுத்துப் படியில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, தோள், கழுத்து. கண்ணை மூடினாள். அவள் விட்ட பெருமூச்சில் கொசுக்கள் பத்தடி விலகின.

"சொன்னபடி செஞ்சுட்ட, கிழவா," என்றாள்.

வில்யோவும் இறங்கினார். தெற்குக் கேட் டக்கென்று மூடியது. தௌனோ வந்திருந்தான். மறுபடி திறந்து மறுபடி மூடவிட்டான். நாலாவது தடவை தைமி அதட்டிய பிறகுதான் தொட்டிக்குள் வந்தான். சூப் நன்றாக இருக்கிறது என்றான். வில்யோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கைஸா மட்டும் விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச்சொல்லி வில்யோ கூப்பிட்டார். வேண்டாம்பா, சூடு என்றாள்.

"நான்தான் போன் பண்ணேன்," என்றாள் தைமி, கண்ணைத் திறக்காமல்.

"என்ன போன்?"

"டவுன்ஷிப்புக்கு. அன்னையர் தினத்துக்கு மறுநாள்."

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. வில்யோ அவள் பக்கம் திரும்பினார். தன் மனைவி, தன் தொட்டியைப் பற்றி, அதுவும் தன் வீட்டுப் போனிலிருந்து.

"ஏன் தைமி?"

"மூடி போடுன்னு நான் சொன்னப்ப நீ கேக்கல. சட்டம் சொன்னாலாவது கேப்பேன்னு நெனைச்சேன். கொல்லையில தெறந்த தொட்டி இருக்கு. உன் பொண்ணு அன்னிக்குக் காபி வேண்டாம்னா."

சம்பந்தமே இல்லாத விஷயங்களை வில்யோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். காபி. தூக்காத விறகு. இன்னும் மேல, இன்னும் மேல என்ற தாழ்ப்பாள். வெந்நீருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற மகள். சுரங்கத்தின் அடியிலிருந்து லிஃப்ட் ஏறி வருவதுபோல் விஷயம் மெதுமெதுவாக மேலே வந்தது. தௌனோவுக்கு அது அதற்கு முன்பே எட்டிவிட்டது. அவன் பியர் டின்னைக் கைஸா பக்கமாக உயர்த்திவிட்டு, மரியாதையாக ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அம்மா, உனக்கு அப்பவே தெரியுமா?" என்றாள் கைஸா. பாதிச் சிரிப்பு, பாதி அழுகை.

"கொழந்தை எப்ப?" என்றார் வில்யோ. குரல் அவருடையது போலவே இல்லை.

"புது வருஷத்துக்குப்பா."

வில்யோ ஒரேயடியாகத் தண்ணீருக்குள் முங்கிவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்தார். அவர் திரும்ப வந்தபோது தொட்டித் தண்ணீர் விரற்கடை உயர்ந்திருந்தது என்று தௌனோ இன்றைக்கும் சத்தியம் செய்வான். எழுந்ததும் கேட்டைப் பார்த்தார். தாழ்ப்பாளின் உயரத்தைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் இன்னும் ஒரு சாண் ஏற்றிவிடவேண்டும் என்றார்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு தட்டு அதிகமா வையும்மா," என்றாள் கைஸா. "கொழந்தையோட அப்பா வர்றார்."

"வரட்டும், வரட்டும்," என்றார் வில்யோ, முகமெல்லாம் பல்லாக. "காலையிலயே சவுனாவை மூட்டிடறேன். மேல் பலகையில எனக்கும் தௌனோவுக்கும் நடுவுல உட்கார வெக்கறேன்."

கைஸா காலைத் தண்ணீரிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"அதான்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா யோசிக்கிறேன். அவருக்குச் சூடு ஆகாது. சவுனாவுக்குள்ள போனதே இல்ல. போகவும் மாட்டேங்கறார்."

தௌனோ எழுந்தான். துண்டைக் கட்டிக்கொண்டு புதுக் கேட்டைத் திறந்து போனான். டக்.

வில்யோ தைமியைப் பார்த்தார். தைமி சூரியனைப் பார்த்தாள்.

கேட் மறுபடி திறந்தது. வழுக்கைத் தலை மட்டும் உள்ளே வந்தது.

"நாளைக்கு நான் ரோட்டு வழியாவே வர்றேன்," என்றான் தௌனோ. "வாசல்ல நின்னு அவனை மொதல்ல ஒருதரம் பாத்துக்கறேன்."